உடைத்துப் பார்க்கும் வேலை

வீட்டில் அவளுக்குக் 'குடைச்சல்' என்று பேர் வைத்தவர் அண்ணன்தான். எதைக் கையில் கொடுத்தாலும் சும்மா இருக்கமாட்டாள். அலாரக் கடிகாரத்தின் முதுகைத் திறந்து வைப்பாள், ரேடியோவின் குமிழைப் பிடுங்கிப் பார்ப்பாள், பூட்டுக்குள் ஊக்கை விட்டு ஒடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் நிற்பாள். அவளைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து வைப்பார்.

வளர்ந்த பிறகு அவளுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் படங்களைத் திரையில் காட்டும் மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்தாள். அவள் செய்த சோதனைக்கு ஆபீசில் 'ஃபஸ் டெஸ்டிங்' என்று பேர். ஒரு நல்ல படக் கோப்பை எடுத்து, அதற்குள் இருக்கும் எண்களைக் கண்மண் தெரியாமல் மாற்றி, அந்தக் குப்பையைப் படம் திறக்கும் நிரலிடம் கொடுக்கவேண்டும். விவரமான நிரலாக இருந்தால், "இது படமே இல்லை" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடும். இளிச்சவாய் நிரலாக இருந்தால் கொடுத்ததை அப்படியே விழுங்கிவிட்டு அங்கேயே சுருண்டு விழும். கையால் செய்கிற காரியம் இல்லை. ஒரு கருவி ஓயாமல் குப்பையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவள் காலையில் வந்து, எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று பார்ப்பாள். பிறந்த வீட்டில் திட்டு வாங்கிக் கொடுத்த குணம் புகுந்த இடத்தில் சம்பளம் வாங்கிக் கொடுத்தது.

அந்த மென்பொருளில் படங்களைத் திறக்கும் பகுதி மட்டும் நிறுவனத்தினுடையது அல்ல. அது அவளுடைய அண்ணன் எழுதிய லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்குச் சும்மா கொடுத்திருந்தார். கல்லூரி ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அவருக்கு. அது முடிந்து வீட்டுக்கு வந்தால், துணி காயப்போடும் பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து இதைத்தான் செய்வார். இளவட்டமாக இருந்தபோது தொடங்கியது, ஐம்பத்து நாலு வயதிலும் விடவில்லை. பிள்ளை கிடையாது. "அதுதான் மூத்த தாரம், நான் இளைய தாரம்" என்று அண்ணி வருகிறவர்களிடம் லைப்ரரியைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பாள்.

"உங்க அண்ணன் எழுதினதா இருக்கட்டுமே, ஆஸ்பத்திரிக்குப் போகுதில்ல, போட்டு உலுக்கிப் பாத்துடுங்க" என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தாள். "அண்ணா, உன் லைப்ரரியை உடைக்கச் சொல்லிட்டாங்க."

"உடைச்சுக்கோ. சின்ன வயசுல நீ உடைக்காததா? ஆனா ஒண்ணு, இது உடையாது. உடைஞ்சா எம் பேரை மாத்திக்கறேன்."

முதல் வாரம் உண்மையிலேயே அசையவில்லை. கருவி கொட்டிய குப்பையையெல்லாம் அண்ணனின் நிரல் முகம் சுளிக்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. அவளுக்கே பெருமையாகப் போய்விட்டது. அடுத்த வாரம் விழுந்தது. படக் கோப்பின் தலைப்பில் 'அகலம் இவ்வளவு' என்று ஓர் எண் இருக்கும். கருவி அதை யானை அளவுக்கு ஊதிவிட்டிருந்தது. அண்ணனின் நிரல் அதை நம்பி எவ்வளவு இடம் வேண்டும் என்று பெருக்கிப் பார்க்க, பெருக்கல் கணினியின் எல்லை தாண்டி வழிந்து சின்ன எண்ணாகிவிட, கடைசியில் துக்கடா இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே எழுதப் போய் மண்ணைக் கவ்வியது.

"புதுப் பேர் என்ன வைக்கலாம்?" என்று கேட்டாள்.

மறுமுனையில் அண்ணன் சிரித்தார். வெகுநாளாக அவள் கேட்காத சிரிப்பு. "இருபத்தஞ்சு வருஷமா ஒருத்தனும் அங்க கை வைக்கல. நீ வச்சுட்ட பாரு. அனுப்பு, அனுப்பு."

அந்த வழிசலைத் தடுக்க ஒரே ஒரு வரி எழுதினார். பெருக்குவதற்கு முன்னாலேயே அகலத்தை எடைபோட்டுப் பார்க்கும் வரி. அவள் ஆபீசில் இருந்த மற்றவர்கள் பத்து வரி எழுதியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இருவருக்கும் நல்ல காலம். அப்பா அம்மா போன பிறகு அண்ணனும் தங்கையும் விசேஷத்துக்கு விசேஷம் பார்த்துக்கொள்வதோடு சரியென்று ஆகிப்போயிருந்தது. இப்போது சாயங்காலமானால் போன் அடிக்கும். "இன்னைக்கு என்ன உடைச்ச?" என்பதுதான் முதல் பேச்சு. சுருக்கப்பட்ட படம் பாதியில் அறுந்து போனால் என்ன செய்வது, வண்ண அட்டவணையில் இல்லாத வண்ணத்தைக் கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு பேரும் மாய்ந்து மாய்ந்து பேசுவார்கள். அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார். அந்தப் பக்கம் அண்ணி, "நீ பேசினாத்தாம்மா இவருக்குச் சோறு இறங்குது" என்பாள்.

கருவிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை நிரலைக் கவிழ்த்த குப்பையை அது தூக்கி எறிந்துவிடாது. பத்திரமாக வைத்திருந்து, நிரல் மாறும்போதெல்லாம் மறுபடி கொடுத்துப் பார்க்கும். ஒரு நாள் காலை அவள் ஆபீசுக்கு வந்தபோது அந்த முதல் குப்பை, யானை அகலப் படம், திரும்பவும் நிரலைக் கவிழ்த்திருந்தது. என்னவென்று பார்த்தாள். அண்ணன் வேறு எதையோ திருத்தும்போது அந்த ஒரு வரியை எடுத்துவிட்டிருந்தார்.

"ஐயோ, கை தவறிடுச்சு போல" என்றார். திரும்பச் சேர்த்தார். அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்குத்தான் கை தவறவில்லை.

மூன்று வாரம் போனது. மறுபடி அதே வரி காணாமல் போயிருந்தது. இந்தமுறை அவள் போன் செய்யும் முன்பே அண்ணன் செய்துவிட்டார். குரலில் துள்ளல்.

"ஏய் குடைச்சல், உன்னோட மிஷினுக்கு அகப்படாத ஒண்ணை நான் பிடிச்சுட்டேன். அகலத்தைப் பெருக்கறோமில்ல, அங்க எண் பெரிசா இருந்தா கணக்கு வழிஞ்சுடும். இத்தனை வருஷமா யாரும் பாக்கல பாரேன்."

அவள் காதில் போனை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியை ஒருவர் கயிற்றில் தொங்கியபடி துடைத்துக்கொண்டிருந்தார். "அப்படியாண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன, சுரத்தே இல்லாம சொல்ற?"

"இல்லண்ணா. நல்லாப் பிடிச்சிருக்க."

அன்று முழுதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. இருவரும் மணிக்கணக்காகப் பேசிய விஷயம் அது. அதை வைத்துத்தானே அவருக்குப் புதுப் பேர் தேடினாள். மறதி என்றால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது. இது அது இல்லை.

மறுநாள் அவள் செய்த காரியத்தை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, குரலை மாற்றாமல், "போன வாரம் ஒண்ணு அனுப்பினேனே, வண்ண அட்டவணை தலைகீழா வர்றது, அதைப் பாத்தியா?" என்று கேட்டாள். அப்படி ஒன்றை அவள் அனுப்பவே இல்லை.

"பாத்தேனே. அன்னைக்கே சரி பண்ணிட்டேன்."

அண்ணன் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்முறை. சின்ன வயதில் அவள் உடைத்ததற்கு அப்பாவிடம் மாட்டிக்கொண்டபோதுகூட வாயை மூடிக்கொண்டு அடி வாங்குவாரே தவிர, பொய் வராது அவருக்கு. இப்போது தடுமாற்றத்தை மறைக்கப் பொய் சொல்கிறார். ஏற்கெனவே பழகிவிட்ட பொய்போல் சட்டென்று வந்தது. போனை வைத்துவிட்டு அவள் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். நிரலுக்குக் குப்பையைக் கொடுத்துக் கவிழ்த்துப் பார்க்கிற கையால் அண்ணனையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். கதவைத் திறந்த அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே பாதி தெரிந்துவிட்டது. அண்ணன் உள்ளறையில் இருந்தார். அண்ணி அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு உள்ளே கேட்காமல் இருக்க.

"எத்தனை நாளா அண்ணி?"

"ஒரு வருஷம் இருக்கும். கடைக்குப் போனவரு வீட்டுக்கு வழி தெரியாம பஸ் ஸ்டாப்ல உக்காந்திருந்தாரு. பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட்டிட்டு வந்தாரு. வெயில்ல தலை சுத்திருச்சுன்னு சொன்னாரு, நானும் நம்பினேன். நம்பிக்கிட்டேன்." அண்ணி ஏற்கெனவே கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். "காலேஜ்ல லீவு போடச் சொல்லிட்டாங்க. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உன் கிட்ட பேசற நேரம் மட்டும்தாம்மா அவரு பழைய ஆளா இருக்காரு. அதையும் கெடுத்துக்க எனக்கு மனசு வரல."

அவளுக்கு அண்ணியின்மேல் கோபம் வரவேண்டும்போல் இருந்தது. வரவில்லை.

நரம்பு டாக்டரிடம் அண்ணனை அழைத்துப் போவது லேசாக இல்லை. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அவள், "நீ வராட்டி நானும் எனக்குப் பாத்துக்க மாட்டேன்" என்று தனக்கு இல்லாத தலைவலியை இருப்பதாகச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தாள். கேள்விகள் கேட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். பிறகு ஒரு நாள் மூவரையும் உட்காரவைத்து, டாக்டர் திரையைத் திருப்பினார்.

திரையின் மூலையில் இருந்த சின்னச் சின்னக் குறிகளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் நிறுவனத்தின் மென்பொருள். அதற்குள் படத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது அண்ணனின் லைப்ரரி.

அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டர் ஏதோ சொல்லத் தொடங்க, அதைக் காதில் வாங்காமல், தங்கையின் பக்கம் குனிந்து, "சாம்பல் நிறத்துல எத்தனை படி பாரு. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல கோடு தெரியுதா? தெரியாது. அதுக்கு நான் ஒரு மழைக்காலம் முழுக்க உக்காந்தேன்" என்றார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

டாக்டர் பேனாவை மூடினார். அண்ணி மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, இது யாரோடது?" என்றார் அண்ணன்.

அவள்தான் சொல்லவேண்டியிருந்தது. "உன்னோடதுதாண்ணா."

அவர் திரையைப் பார்த்தார். ஓரங்களில் மூளை சுருங்கி, கருப்பு இடம் கூடியிருந்ததை, ஆயிரக்கணக்கில் ஸ்கேன் படங்களைத் திறந்து சரிபார்த்தவர், டாக்டர் சொல்லாமலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"சரியாத்தான் காட்டுது" என்றார்.

மேனேஜரிடம் அவள் பாதியைத்தான் சொன்னாள். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார். நல்ல மனிதர்தான். "நாம இப்ப இருக்கறதைத் தனியா ஒரு பிரதி எடுத்து வச்சுக்குவோம். அவரைத் தொந்தரவு பண்ண வேணாம். அவர் பாட்டுக்கு எழுதட்டும்" என்றார். யோசித்துப் பார்த்தால் எல்லாருக்கும் சௌகரியம். ஆனால் அண்ணனின் லைப்ரரியை எடுத்துப் போட்டுக்கொண்ட மற்ற ஆஸ்பத்திரிகள் எத்தனையோ. அண்ணன் இன்று எடுத்துவிடும் வரி நாளை எங்கோ ஒரு டாக்டரின் திரையைக் கவிழ்க்கும், அல்லது கவிழ்க்காமல் தப்பாகக் காட்டும். அது இன்னும் மோசம். அண்ணனிடம் இதைப் பேசாமல் தீராது. எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள்.

பேசியது அண்ணன்தான். அவருக்கு அப்போதெல்லாம் காலை நேரங்களில் தெளிவு இருக்கும். அப்படி ஒரு காலையில் அவளை வரச் சொல்லியிருந்தார். அறையில் இரண்டு நாற்காலி போட்டு, அவளைக் கணினிக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"எல்லா உரிமையும் உன் பேருக்கு மாத்து. அப்புறம் எனக்கு எழுதற அனுமதியை எடுத்துடு."

"அண்ணா, இது நீ எழுதினது."

"அதனாலதான் சொல்றேன்." அவர் கை முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தது. "அந்த அகல வரியை நான் எத்தனை தடவை எடுத்தேன்? சொல்லாத, எனக்குத் தெரிய வேணாம். நேத்து அதைப் பாத்துட்டு, இது எதுக்கு இங்க கிடக்குதுன்னு மறுபடியும் எடுக்கப் போனேன். பக்கத்துல இவ வந்து காப்பி வச்சா. அதுல கை நின்னுச்சு. எப்பவும் காப்பி வருமா?"

அவள் மாற்றினாள். கடைசிப் பொத்தானை மட்டும் அவரே அழுத்துவதாகச் சொன்னார். அழுத்துவதற்கு முன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கே நான் இதை மறந்துடுவேன். வந்து கதவைத் தட்டுவேன். திட்டுவேன், அழுவேன், என்ன வேணா சொல்லுவேன். திறந்து விட்டுடாத."

"சரிண்ணா."

"சரின்னு சொல்லாத. மாட்டேன்னு சொல்லு."

"மாட்டேன்."

அழுத்தினார். அண்ணியைக் கூப்பிட்டு ஒரு துணி கேட்டார். வாங்கி, விசைப்பலகையை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "என் லைப்ரரிக்குள்ள என்னையே விட மாட்டேங்குது. எவனோ புகுந்துட்டான். பாரு, உடனே பாரு."

"யாரும் புகல அண்ணா. நான்தான். நீதான் எங்கிட்ட கொடுத்த."

"நான் எதுக்குக் கொடுக்கணும்?"

அவள் சொன்னாள். முதலிலிருந்து, பொறுமையாக, ஒவ்வொன்றாக. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கதை நல்லா இருக்கு. உன் கம்பெனிக்காரன் சொல்லிக் கொடுத்தானா?" என்றார். அப்புறம் அவர் சொன்ன வார்த்தை 'திருடி'. அண்ணி போனைப் பிடுங்குவது கேட்டது. "நீங்க கொடுத்தப்போ நானும் வீட்டுலதாங்க இருந்தேன்" என்று அண்ணி அவரிடம் மன்றாடுவதும், "நீயும் கூட்டா?" என்று அவர் கேட்பதும் கேட்டது.

அதற்குப் பிறகு தினமும். அடுக்குமாடிக் காவலாளியிடம், பால் போடுகிறவரிடம், லிஃப்டில் வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி என்னை என் வீட்டுலேருந்தே வெளிய தள்ளிப் பூட்டிட்டா" என்று சொன்னார். விஷயம் புரியாதவர்கள் சொத்துத் தகராறு என்று எண்ணிக்கொண்டார்கள். அவள் போனபோது லிஃப்டில் ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டு அவளுக்கு உறைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாங்கிக்கொள்ள முடிந்தது. தாங்க முடியாமல் போனது ஒரு மத்தியானம் மட்டும்தான்.

அன்று அவர் திட்டவில்லை. குரல் தணிந்திருந்தது. "ஒரே ஒரு வரிம்மா. எனக்குத் தெரியும் எங்கன்னு. மாத்திட்டு உடனே வெளிய வந்துடறேன். நீ வேணா பக்கத்துல நின்னு பாத்துக்கோ. எதையும் தொட மாட்டேன். நான் செஞ்சதுதானே அது."

அவள் அனுமதிப் பக்கத்தைத் திறந்தாள். அவர் பேரைத் தட்டினாள். ஒரு நாள் கொடுத்துவிட்டு மறுநாள் எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் மாற்றியதைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடலாம். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி ஞாபகம் வந்தது.

"மாட்டேன் அண்ணா" என்றாள்.

அவர் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. ஆபீசில் எல்லாரும் பார்க்க அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

கருவி நிற்கவில்லை. நிரல் எங்காவது விழும், அவள்தான் சரிசெய்யவேண்டும். உடைக்கத் தெரிந்த அளவுக்கு ஒட்டவைக்க அவளுக்குத் தெரியாது. அண்ணன் ஒரு வரியில் முடித்திருப்பதை அவள் ஒரு வாரம் புரட்டுவாள். முடித்த பிறகும் தையல் பிரிந்த சட்டையை ஊக்கு குத்திப் போட்டதுபோல்தான் இருக்கும். சாயங்காலம் ஆனால் கை தானாகப் போனைத் தேடும்.

ஒரு வருஷத்துக்குள் அவர் திட்டுவது குறைந்தது. பிறகு நின்றது. "கேக்கறதே இல்லம்மா இப்பல்லாம்" என்று அண்ணி சந்தோஷ சமாச்சாரம்போல் சொன்னாள். கோபத்தோடு லைப்ரரியும் நினைவிலிருந்து போய்விட்டது, கல்லூரியும் போய்விட்டது. அவர் திட்டிக்கொண்டிருந்த நாட்களில் குறைந்தபட்சம் தன்னைத் தங்கை என்றாவது தெரிந்துவைத்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வருஷக் கடைசியில் அவள் போனபோது அண்ணன் கூடத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க, வாங்க. உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். வந்தவரை நிற்கவைத்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

அவள் உட்கார்ந்தாள். அண்ணி டீ போட உள்ளே போனாள். சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணன் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"ஒரு கம்பெனிலங்க. மத்தவங்க செஞ்சதை உடைச்சுப் பாக்கற வேலை."

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "உடைக்கறதுக்கா சம்பளம்?" கொஞ்சம் யோசித்தார். "செஞ்சவருக்கு வருத்தமா இருக்காதா? அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"முதல்ல சிரிச்சார். அப்புறம் ரொம்பத் திட்டினார்."

"இப்ப?"

"இப்ப திட்டறதில்ல."

"நல்ல மனுஷன் போல" என்றார் அண்ணன்.

"ஆமாங்க" என்றாள் அவள்.

அண்ணி மூன்று டம்ளர்களோடு வந்தாள். அவர் முதல் டம்ளரை எடுத்து, சூடு பார்த்து, விளிம்பைப் பிடித்து அவள் பக்கம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.